மொபைல் ஹோமில் திருடன் நுழையாமல் இருக்க: பூட்டை விடுங்கள், கதவு நிலையைப் பாருங்கள்

மொபைல் ஹோமுக்கு, அதாவது தொழிற்சாலையில் கட்டி இழுத்துவந்து நிறுத்தும் வீட்டுக்கு, பாதுகாப்பு என்றதும் பலர் முதலில் வாங்குவது ஒரு பெரிய பூட்டு. பூட்டு வேண்டும்தான். ஆனால் இந்த வகை வீட்டில் ஓட்டை பூட்டில் இல்லை, அதைச் சுற்றி இருக்கிறது. கதவு மெல்லிசு, நிலை மெல்லிசு, போதாக்குறைக்குக் கதவு வெளிப்பக்கம் திறப்பதால் கீலும் வெளியே தெரியும். என் வீட்டில் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். டிரில் பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. வீடு மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள்

பலர் தாண்டிப் போகும் இடம் இதுதான். வீடு தாங்குகட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. அடியில் மண் இறங்கினால் வீடு லேசாகச் சாயும், கதவு நிலையும் கோணிக்கொள்ளும். அப்புறம் டெட்போல்ட்டின் (சாவியைச் சுற்றினால் கட்டியான உலோக நாக்கு நீளும் பூட்டு) நாக்கு நிலையில் உள்ள துளைக்குள் முழுதாகப் போகாது. சாவி சுற்றும், பூட்டியது போலவே இருக்கும், ஆனால் நாக்கு நுனி மட்டும்தான் மாட்டியிருக்கும். ஓங்கி ஒரு இழுப்பு போதும், கதவு கையோடு வரும்.

சோதிப்பது சுலபம். நாக்கின் நுனியில் சாக்பீஸ் தடவி, கதவைச் சாத்திப் பூட்டித் திறந்து பாருங்கள். நிலையில் உள்ள தகட்டில் வெள்ளைத் தடம் விழுந்திருந்தால் நாக்கு இடிக்கிறது என்று பொருள். தடமே இல்லையென்றால் துளையின் ஆழத்தையும் பாருங்கள்: ஒரு பென்சிலை விட்டு அளந்தால் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நல்ல டெட்போல்ட்டின் நாக்கு அவ்வளவு நீளும்.

இடிப்பது இரண்டொரு மில்லிமீட்டர் என்றால் தகட்டை அரம் போட்டுச் சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் வீட்டையே மட்டம் பிடிக்க வேண்டும். அதைத் தனியாளாகச் செய்யாதீர்கள். வீட்டுக்கு அடியில் படுத்து ஜாக்கி ஏற்றுவது, அந்த வேலை தெரிந்தவர்களின் வேலை.

2. டெட்போல்ட்

வாங்கும் முன் இரண்டு அளவு எடுங்கள்: கதவின் கனம், கதவு ஓரத்திலிருந்து பூட்டுத் துளையின் நடு வரை உள்ள தூரம். கடையில் கிடைக்கும் பூட்டுகள் பெரும்பாலும் 35 முதல் 45 மி.மீ. கனமுள்ள கதவுக்கானவை. பழைய மொபைல் ஹோம் கதவுகள் அதைவிட மெலிசாக இருக்கும், பூட்டு ஆடும். தூரம் வழக்கமாக 60 அல்லது 70 மி.மீ.

நிலையில் உள்ள தகட்டோடு வரும் குட்டி ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு 75 மி.மீ. ஸ்க்ரூ போடுங்கள். அது நிலையைத் தாண்டிச் சுவருக்குள் இருக்கும் கட்டையில் போய்ப் பிடிக்க வேண்டும். கட்டை ஒடுக்கமானது, எனவே முன்துளை போடாமல் முடுக்கினால் பிளந்துவிடும். இந்த வேலைக்கு இம்பாக்ட் டிரைவர் (தட்டித் தட்டி வேகமாக முடுக்கும் கருவி) எனக்குப் பிடிக்காது. சாதாரண டிரில்லில் கிளட்ச் குறைத்து வைத்து, கடைசிச் சுற்றுகளைக் கையால் முடுக்குவதே நல்லது.

உள்ளேயும் சாவி போட்டுத் திறக்கும் வகை வேண்டவே வேண்டாம். தீப்பிடித்தால் சாவி தேட நேரம் இருக்காது.

3. வெளியே தெரியும் ஸ்க்ரூக்கள்

பல மொபைல் ஹோம்களில் கதவு நிலை, ஜன்னல் சட்டம் இரண்டும் சுவருக்கு வெளிப்புறமிருந்தே முடுக்கப்பட்டிருக்கும். அதாவது, ஸ்பேனர் உள்ளவன் பூட்டைத் தொடாமலே நிலையைக் கழற்றலாம். பக்கத்துக்குச் சிலவற்றையாவது நடுவில் முள் வைத்த ஸ்டார் ஸ்க்ரூவாக மாற்றுங்கள். ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள். மொத்தமாகக் கழற்றினால் உள்ளே உள்ள புட்டி விலகி மழைத்தண்ணீர் இறங்கும். திரும்பக் கழற்றவே முடியாத ஒருவழி ஸ்க்ரூவை நான் போடமாட்டேன். நாளைக்கு ரிப்பேர் வந்தால் நாம்தான் முழிக்க வேண்டும்.

4. கீல்

கீலின் இரு தகடுகளிலும் நேர் எதிரே உள்ள ஒரு ஜோடி ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். நிலைப் பக்கத் துளையில் தடித்த ஸ்க்ரூ ஒன்றை முடுக்கி, 10 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டுத் தலையை அறுத்துவிடுங்கள். எதிர்த்துளையைச் சற்றுப் பெரிதாக்கினால், சாத்தும்போது அந்த முனை உள்ளே போய் உட்காரும். இனி கீலின் பின்னைத் தட்டி எடுத்தாலும் கதவைப் பெயர்க்க முடியாது. எல்லாக் கீல்களுக்கும் செய்யுங்கள்.

5. ஜன்னல், அடித்தட்டி

நகரும் ஜன்னலுக்குத் தடத்தில் ஒரு கட்டை, மேல் தடத்தில் தூக்க முடியாதபடி ஒரு ஸ்க்ரூ. படுக்கையறையில் ஒரு ஜன்னலாவது உள்ளிருந்து சட்டென்று திறக்க வேண்டும், அதை நிரந்தரமாக அடைக்காதீர்கள். வீட்டின் அடியைச் சுற்றி உள்ள தட்டியில் திறப்பு இருந்தால் பூட்டு போடுங்கள், காற்றுத் துளைகளை மட்டும் மூட வேண்டாம்.

பிற்சேர்க்கை: அலாரம் பற்றிச் சிலர் கேட்டார்கள். அதிர்வு உணரும் சென்சார் இந்த வீட்டுக்குச் சரிப்படாது. உள்ளே ஒருவர் நடந்தாலும், பலத்த காற்று அடித்தாலும் கத்தும். கதவுக்குக் காந்த சென்சார் போதும். இரும்புக் கதவு என்றால் அது காந்தத்தின் வலுவைக் குறைக்கும், ஆகவே காந்தத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வையுங்கள்.

இன்னொன்று: வெளியே மாட்டிய வைஃபை கேமரா அடிக்கடி துண்டிக்கிறது என்றால் கேமராவை மாற்ற அவசரப்பட வேண்டாம். உலோகச் சுவர் சிக்னலை மறைக்கிறது. ரவுட்டரைக் கேமரா இருக்கும் பக்கத்து ஜன்னலருகே நகர்த்திப் பாருங்கள்.