ஆஃப்ரோடு எஸ்யூவியின் பின் பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடி: மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறுகலான காட்டுப் பாதையில் திரும்பும்போது ஓட்டுபவரின் கண் முழுக்க முன்பக்கத்தில்தான் இருக்கும். வண்டியின் முன்பாகம் மரத்தைத் தாண்டிவிடும். ஆனால் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை, உள்வட்டமாக இழுத்துக்கொண்டு வரும். நீட்டிக்கொண்டிருக்கும் கிளை பின் பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடியில் இடிப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

கண்ணாடி உடைந்ததால் வண்டிக்குப் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. அதை மாற்றுகிறேன் என்று செய்கிற வேலையில்தான் பல வண்டிகள் கெட்டுப்போகின்றன. கண்ணாடி புதிதாக வந்துவிடும், அது உட்காரப்போகிற சட்டம் பழையதுதான். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல், கண்ணாடியையே பார்த்துக்கொண்டு சட்டத்தைப் பார்க்காமல் விட்டதால் வருபவை.

உடைந்த கையோடு செய்யும் தவறுகள்

கதவுக் கண்ணாடி உடைந்ததும் பலரின் விரல் தானாகவே பவர் விண்டோ சுவிட்சுக்குப் போகும். வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். ஆனால் கதவுக்குள் விழுந்து கிடக்கும் துண்டுகள், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கம்பியிலும் கப்பியிலும் சிக்கிக்கொள்ளும். கண்ணாடியோடு போயிருக்க வேண்டிய செலவு ரெகுலேட்டர், மோட்டார் என்று நீளும். குழந்தைகள் பின்னால் உட்கார்ந்தால் விண்டோ லாக்கைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, உடைந்த கண்ணாடியை ஒட்டிவிடலாம் என்ற நினைப்பு. பக்கவாட்டுக் கண்ணாடிகள் பெரும்பாலும் டெம்பர்டு வகை. உடைந்தால் முழுவதுமாகச் சிறு கட்டிகளாக உதிரும். முன் கண்ணாடியின் சிறு பொத்தலில் ரெசின் விட்டுச் சரிசெய்வது போல இதில் செய்ய வழியே இல்லை. ஒரு கோடு மட்டும் விழுந்து கண்ணாடி அப்படியே நிற்கிறது என்றால், அது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியாகவோ, யாரோ முன்பு மாட்டிய பிளாஸ்டிக் தகடாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். புதிதாக ஆர்டர் செய்யும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தற்காலிகமாக மூடுவதற்கு பிளாஸ்டிக் ஷீட் போதும். டேப்பைப் பெயின்டின் மேல் நேரடியாக ஒட்டி இரண்டு நாள் வெயிலில் விட்டால், பிரிக்கும்போது பசை தங்கும். ரீபெயின்ட் செய்த பாகமாக இருந்தால் பெயின்டே உரிந்து வரும். கதவாக இருந்தால் ஷீட்டைச் சட்டத்தின் மேல் போர்த்திக் கதவைச் சாத்துங்கள், ரப்பரே பிடித்துக்கொள்ளும்.

மூடாமலே நெடுந்தூரம் ஓட்டுவது இன்னொரு தவறு. பலர் இதை வெறும் இரைச்சல் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறார்கள். பெட்டி வடிவ வண்டி ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை அங்கேயே சுழலும். பின்பகுதியில் திறப்பு இருந்தால் அந்தப் புகை கேபினுக்குள் வரலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஏசியை ரீசர்க்குலேஷனில் வைக்காமல், வெளிக்காற்று வரும்படி வைத்து ப்ளோயரைக் கூட்டுங்கள்.

இன்சூரன்ஸ் கோருவதாக இருந்தால், பெருக்கித் தள்ளுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.

தப்பான கண்ணாடியை வாங்குவது

"இந்த மாடலுக்குப் பின் கண்ணாடி" என்று மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. ஒரே மாடலிலேயே மூன்று கதவு வண்டிக்கும் ஐந்து கதவு வண்டிக்கும் கண்ணாடி வேறு. ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடி, பின் மூலையில் அசையாமல் நிற்கும் குவார்ட்டர் கிளாஸ், கீலில் வெளியே தள்ளித் திறப்பது, பழைய ஆஃப்ரோடு வண்டிகளில் இருக்கும் ஸ்லைடிங் கண்ணாடி என்று எல்லாமே பின் பக்கவாட்டுக் கண்ணாடிதான். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாகத்தை உறுதி செய்வது ஒன்றே பாதுகாப்பான வழி.

அப்படியும் கோட்டை விடும் இடங்கள் உண்டு. சில வண்டிகளில் ரேடியோ ஆன்டெனாவின் மெல்லிய கோடுகள் குவார்ட்டர் கிளாஸில்தான் ஓடும். கோடு இல்லாத கண்ணாடியைப் பொருத்தினால் அளவு கச்சிதமாக இருக்கும், ரேடியோ மட்டும் கரகரக்கும். சிலவற்றில் ஓரத்து ரப்பர் கண்ணாடியோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும்.

நிறம் அடுத்த குழப்பம். பின்பக்கத்துக் கறுப்புக் கண்ணாடி பல எஸ்யூவிகளில் ஃபிலிம் ஒட்டியது அல்ல, உற்பத்தியிலேயே சாயம் சேர்த்தது. தெளிந்த கண்ணாடியை வாங்கி ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம் என்று போனால், மறுபக்கத்துக் கண்ணாடியோடு சாயல் பெரும்பாலும் சரியாக ஒத்துப்போகாது. மறுபக்கக் கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையைக் குனிந்து பாருங்கள். அமெரிக்க முறையில் ஏஎஸ்2 என்றிருந்தால் குறைந்தது 70 சதவீத ஒளியை விடும் கண்ணாடி. ஏஎஸ்3 என்றால் அதைவிட இருண்டது, ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்துவதற்கானது. ஐரோப்பிய முறையில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும், ஒப்புதல் தந்த நாட்டின் எண்ணும் இருக்கும். முத்திரையே இல்லாத கண்ணாடியைத் தொடாமல் திருப்பி அனுப்பிவிடலாம்.

டெம்பர்டு கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது. "கொஞ்சம் பெரிசா இருக்கு, ஓரத்தைத் தேய்ச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் கிளம்பிவிடுங்கள். அதன் முகப்பு நல்ல வலுவானது, ஓரம்தான் பலவீனம். சிமென்ட் தரையில் ஓரத்தை ஊன்றி நிறுத்துவதே போதும், ஓரத்தில் ஒரு சிறு சில்லு போகும். அன்று ஒன்றும் ஆகாது. பிறகு ஏதோ ஒரு குளிர்ந்த காலையில் யாரும் தொடாமலே உதிரலாம். கீழே அட்டை அல்லது மரக்கட்டை போட்டு வையுங்கள்.

உடையாத பாலிகார்பனேட் தகடு போடலாமா என்ற கேள்வி ஆஃப்ரோடு வட்டாரத்தில் அடிக்கடி வரும். பந்தய வண்டிக்குச் சரி. தினமும் சாலையில் ஓடுகிற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். மேற்பூச்சு இல்லாத தகட்டில் புழுதியைத் துணியால் ஒருமுறை துடைத்தாலே கீறல் விழும். விபத்தில் உள்ளிருந்து உடைத்து வெளியேறவும் விடாது.

துண்டுகளை ஒழுங்காக எடுக்காதது

சீட்டையும் தரையையும் வாக்யூம் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது தொடக்கம்தான். கதவின் அடித்தட்டில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். துண்டுகளும் சேறும் சேர்ந்து அதை அடைத்தால், அடுத்த மழையில் கதவுக்குள் தண்ணீர் தேங்கும், கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் தடத்தில் ஒரே ஒரு துண்டு ஒட்டியிருந்தாலும் புதுக் கண்ணாடியில் மேலிருந்து கீழ் வரை கோடு போட்டுவிடும்.

குவார்ட்டர் கிளாஸ் என்றால் உட்பக்கத்தை மூடியிருக்கும் டிரிம் பலகையைக் கழற்றியே ஆக வேண்டும். சீட் பெல்ட் சுருளும் பெட்டி, ஜாக்கி வைக்கும் குழி, பின் வரிசை ஏசி துளை எல்லாவற்றிலும் துண்டுகள் போயிருக்கும். சீட் பெல்ட்டை முழுநீளத்துக்கு இழுத்து இருபுறமும் தடவிப் பாருங்கள், கையுறையோடுதான். நாடாவில் வெட்டு இருந்தால் பெல்ட்டையே மாற்ற வேண்டும்.

டிரிம் கழற்றும்போது இன்னொன்று. விபத்தில் ஜன்னலோரம் திரை போல விரியும் கர்ட்டன் ஏர்பேக் கூரையோரமாக ஓடும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே தூண் டிரிம்மில் கை வையுங்கள். கழற்றிய சீட் பெல்ட் போல்ட்டை மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முடுக்குங்கள்.

சட்டமும் பசையும்

சட்டத்தில் பசையால் ஒட்டப்படும் கண்ணாடியில் மிக அதிகத் தவறுகள் நடப்பது இங்கேதான். இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதுதான் என் ஆலோசனை. ஆனால் அவர் சரியாகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கவாவது விஷயம் தெரிய வேண்டும்.

முதல் பாவம், சிலிக்கான். குளியலறைக்குப் போடும் சிலிக்கானில் ஒட்டிவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று திருப்திப்படுவார்கள். காடி வாடை அடிக்கும் வகைச் சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அது வெறும் தகரத்தை அரிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை பின்னால் வரும். சிலிக்கான் படிந்த இடத்தில் யூரிதேன் பசை ஒட்டாது. நாளைக்கு முறையாகச் செய்ய வருபவர் அதைத் துளி மிச்சமில்லாமல் சுரண்டி எடுத்தாக வேண்டும். வண்டிக் கண்ணாடிக்கென்று இருக்கும் யூரிதேன்தான் சரி.

பழைய யூரிதேனை அடியோடு வழித்தெடுப்பதும் தவறு. அது சட்டத்தில் உறுதியாக ஒட்டியிருந்தால் 1 முதல் 2 மி.மீ. விட்டுவிட்டுச் சீராக வெட்டிய பிறகு, அதன் மேலேயே புதுப் பசை போட வேண்டும். பழைய பசையைவிட நல்ல அடித்தளம் கிடையாது. கத்தி தவறிப் பெயின்டில் பட்டு உலோகம் பளிச்சென்று தெரிந்தால் அந்தக் கீறலுக்கு பிரைமர் தொட்டே தீர வேண்டும். தொடாமல் விட்ட கீறலில் துரு கிளம்பி, பெயின்டுக்கு அடியில் ஊர்ந்து, பசையைப் பெயின்டோடு சேர்த்துத் தூக்கிவிடும்.

ஏற்கெனவே துரு இருந்தால் அதன் மேல் பசை போட்டு மறைப்பது மோசடிதான். பசை துருவைப் பிடித்துக்கொள்ளும், துரு தகரத்தை விட்டு விலகும். தகரம் தெரியத் தேய்த்து, துருவுக்கான வேலை செய்து, பெயின்ட் காய்ந்த பிறகே கண்ணாடி. இதற்கு ஒரு நாள் கூடுதலாக ஆகும், ஆகட்டும். எதிலும் இடிக்காமலே கண்ணாடி உடைந்திருந்தால் சட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். துரு உப்பி ஓரத்தை நெருக்கியிருக்கலாம்.

ஆஃப்ரோடு வண்டிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரு சக்கரம் பாறையிலும் எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்திலும் நிற்கும்போது உடல் முறுக்கிக்கொள்ளும், ஜன்னல் சட்டமும் கூடவே நெளியும். யூரிதேன் இறுகினாலும் ரப்பர் போல நெகிழ்வதால் அதைத் தாங்கும். கல்லாக இறுகும் எபாக்ஸி போட்டால் முறுக்கு நேராகக் கண்ணாடிக்குப் போகும். வண்டி எப்போதாவது உருண்டிருந்தால், பசை போடும் முன் இரண்டு பக்கத்து ஜன்னல் திறப்பையும் மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்து ஒப்பிடுங்கள். கோணிய சட்டத்தில் கண்ணாடியை அமுக்கி உட்காரவைத்தால் அது நிலைக்காது.

பிரைமர் பூசிய ஓரத்தை விரலால் தொடுவது, அது காயக் கொடுத்த நேரத்துக்கு முன்பே பசை போடுவது, தேதி முடிந்த பசைக் குழாயைப் பயன்படுத்துவது ஆகியவை அவசரத்தில் நடப்பவை. குழாயில் எழுதியிருப்பதைப் படித்தாலே தவிர்த்துவிடலாம். பசைக் கோடு அகலமாகத் தட்டையாக இல்லாமல், வி வடிவ மூக்கு வழியாக உயர்ந்து முக்கோணமாக நிற்க வேண்டும். அப்போதுதான் அமுக்கும்போது சுற்றிலும் ஒரே சீராகப் பரவும். பசையைப் போடும் முன் கண்ணாடியை ஒருமுறை வெறுமனே வைத்துப் பார்த்து, இடத்தை டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் பீடிங் வண்டிகளும் கதவுக் கண்ணாடியும்

பசை இல்லாமல், சுற்றிலும் உள்ள ரப்பர் பட்டையான பீடிங்கில் நிற்கும் பழைய பாணிக் கண்ணாடியை வீட்டிலேயே மாற்றலாம். இறுகிப்போன பழைய பீடிங்கையே திரும்பப் போடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. வழுக்கலுக்கு எஞ்சின் ஆயிலோ கிரீஸோ தடவாதீர்கள், ரப்பர் ஊதிக் கெடும். சோப்புத் தண்ணீர் போதும். பீடிங்கின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, இன்னொருவர் உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுத்தால் பீடிங்கின் உதடு சட்டத்தின் மேல் ஏறி உட்காரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ரப்பரும் கிழியும், கண்ணாடியும் போகும்.

கதவில், உட்பக்கத்தை மூடும் டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். பேக்கிங் கவர் மாதிரி இருப்பதால் அதற்கு மதிப்பில்லை. கதவுக்குள் வழக்கமாகவே மழைத்தண்ணீர் இறங்கும். அதைத் துளை வழியாக வெளியே அனுப்பி, உள்ளே வராமல் தடுப்பது அந்த ஷீட்தான். அது இல்லாவிட்டால் டோர் பேட் ஊறும், தரைவிரிப்பு நாறும். பிசுபிசுப்பான ரப்பர் ஒட்டு நாடாவான பியூட்டைல் நாடா கொண்டு மறுபடி ஒட்டுங்கள். பேடை மாட்டும் முன் கண்ணாடியை முழுதாக ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள். ஒரே தொடுதலில் ஏறும் வகை என்றால், மேனுவலில் சொன்னபடி மோட்டாருக்கு எல்லையைப் பதிவு செய்ய வேண்டியிருக்கலாம். இல்லையேல் பாதியில் நின்று திரும்பும். அதைப் பார்த்து மோட்டாரே போய்விட்டது என்று புதிது வாங்கியவர்கள் உண்டு.

ஒட்டி முடித்த பிறகு

யூரிதேன் காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. ஹீட் கன் காட்டினால் சீக்கிரம் ஆகிவிடாது. பல பசைகள் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 3 முதல் 4 மி.மீ. ஆழம்தான் இறுகும். குளிரிலும் வறண்ட காற்றிலும் இன்னும் மெதுவாகும். வண்டியை ஓட்டலாம் என்று குழாயில் போட்டிருக்கும் நேரம் தார்ச்சாலைக்கான கணக்கு. பாறைப் பாதையில் உடலை முறுக்குவதற்கும், ஓடையில் இறக்குவதற்கும், பிரஷர் வாஷுக்கும் முழுதாக இறுகும் வரை பொறுங்கள்.

எல்லா ஜன்னலையும் மூடிவிட்டுக் கதவை ஓங்கி அறைவது இந்த நாட்களில் மிகக் கெட்ட பழக்கம். உள்ளே அடைபட்ட காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும், இறுகாத பசையில் கண்ணுக்குத் தெரியாத வழி விழும். ஏதாவது ஒரு ஜன்னலை இரண்டு விரல் அகலம் இறக்கி வையுங்கள்.

கசிவு சோதனைக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். பசை இறுகியபின், குழாயை மெதுவாக விட்டு, கண்ணாடியின் கீழ் விளிம்பில் தொடங்கி மேலே போங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்க்கட்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்த தண்ணீர் எங்கே நுழைந்தது என்று தெரியாமல் குழம்பும். தண்ணீருக்குத் தப்பும் ஓட்டையைப் புழுதி காட்டிக்கொடுக்கும். முதல் புழுதிப் பயணம் முடிந்ததும் உள் டிரிம்மின் ஓரத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் செம்மண் கோடு தெரிந்தால் கசிவு அங்கேதான். வெளியே சிலிக்கான் அப்பி மூடாமல், செய்தவரிடமே கொண்டுபோய் அந்தப் பகுதியைப் பிரித்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள்.