தெருவே பார்க்கிற ஊரில் ஒரு பேய்க் காதல்: குறும்படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் லாஸ்பேட்டையிலும் ரெட்டியார்பாளையத்திலும், அந்தப் பக்கம் கடலூரில் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் சொந்தக் காசில் படம் எடுக்கக் கிளம்பும் பிள்ளைகள் பலர் ஆசையோடு தொடுகிற கதை ஒன்று உண்டு. ப்ளஸ் டூ படிக்கும் பையன், செத்துப்போன ஒரு பெண், இருவருக்கும் காதல். நல்ல கதைதான். இரண்டு நல்ல முகங்களும் ஒரு மொட்டை மாடியும் கிடைத்தால் எடுத்துவிடலாம், கிராபிக்ஸ் கூட வேண்டாம். ஆனால் எடுத்து முடித்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் படம் படுத்துவிடுகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அமெரிக்கப் படத்திலிருந்து பேயோடு சேர்த்து அந்தத் தெருவையும் தூக்கி வந்துவிடுகிறோம்.

அமெரிக்கப் புறநகர்ப் படத்தில் பிள்ளைக்கு மாடியில் தனி அறை இருக்கும். கதவைச் சாத்திக்கொள்ளலாம், ஜன்னல் வழியாகக் குதித்துப் போகலாம். பதினாறு வயதில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே புல்வெளி, தெருக்கோடியில் காடு. ஆளில்லாத அந்த அமைதிதான் அங்கே பயத்தைத் தருகிறது. நம் தெருவில் அந்த அமைதி எங்கே இருக்கிறது? கீழ் போர்ஷனில் ஹவுஸ் ஓனர், மேலே வாடகைக்கு இரண்டு குடும்பம், வெளிப்பக்கமாக ஏறும் இரும்புப் படி. யார் ஏறினாலும் இறங்கினாலும் ஓனர் அம்மாவுக்குக் கேட்கும். ஹாலில்தான் டிவி, ஹாலில்தான் படிப்பு, ராத்திரி பாட்டிக்குப் பாய் விரிப்பதும் ஹாலில்தான். போன் பாஸ்வேர்டு அம்மாவுக்குத் தெரியும். டியூஷன் எட்டரைக்கு முடிந்தால் எட்டே முக்காலுக்கு வீட்டில் இருக்க வேண்டும். ஒன்பதானால் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பிவிடுவார்.

இப்படிப்பட்ட ஊரில் ‘இரவு 11 மணி, வெறிச்சோடிய சாலை, நாயகி தனியாக நடந்து வருகிறாள்’ என்று எழுதினால், பார்ப்பவர் மனதில் முதலில் வருவது பயமாக இருக்காது. இந்தப் பொண்ணை வீட்டில் எப்படி வெளியே விட்டார்கள் என்ற கேள்விதான் வரும். அந்தக் கேள்வி வந்த பிறகு எந்த இசையும் உங்களைக் காப்பாற்றாது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். நம் பிள்ளைகளுக்குத் தனிமை கிடையாது. அதை மறைக்க வேண்டிய குறையாக நினைக்காதீர்கள். உங்கள் கதைக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது. யார் கண்ணிலும் படாத ஒருத்தி, ஆள் நிறைந்த ஹாலில் அவன் பக்கத்தில் வந்து உட்கார முடியும். அந்தத் தெருவில் தெருவுக்குத் தெரியாமல் நடக்கிற முதல் காதல் அதுவாகத்தான் இருக்கும். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், துணி எடுக்க வந்த எதிர்வீட்டு அக்கா, பையன் மாடியில் தனியாகச் சிரித்துப் பேசுவதைப் பார்க்கிறாள். மறுநாள் காலையில் பால் பாக்கெட் வாங்கும் இடத்தில் பேச்சு வந்துவிடுகிறது. ‘பையனுக்குக் காத்து கருப்பு பட்டிருக்கும்போல, தர்காவுல ஒருவாட்டி மந்திரிச்சிட்டு வாங்களேன்.’ அம்மா முகம் மாறுகிறது. பேய்க் கதையும் குடும்பக் கதையும் ஒன்றாக முடிச்சுப்போடுகிற இடம் இது. இங்கே அவசரப்படாதீர்கள், நின்று எடுங்கள்.

அடுத்த தவறு, பேய்க்கு விதி இல்லாமல் எழுதுவது. முதல் காட்சியில் சுவரைத் தாண்டி வருகிற பெண், கடைசிக் காட்சியில் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று அழுகிறாள். ஏன்? இயக்குநருக்கு அழுகை தேவைப்பட்டது, அவ்வளவுதான். 2008-ல் வந்த சுவீடன் படம் ‘லெட் தி ரைட் ஒன் இன்’ ஸ்டாக்ஹோம் புறநகரான பிளாக்கெபெரியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நடக்கிறது. அதில் ரத்தக் காட்டேரியான பிள்ளை, கூப்பிட்டால்தான் ஒரு வீட்டுக்குள் வர முடியும். பழைய நம்பிக்கைதான். ஆனால் கூப்பிடாமலே உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் படம் காட்டும்போது, அந்த விதி இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இருக்கிற நம்பிக்கையின் அளவாக மாறிவிடுகிறது. விதி ஒன்று போதும். அதை மீறினால் யாருக்காவது வலிக்க வேண்டும்.

விதியைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. ஊர் எல்லை, எல்லையைக் காக்கும் அய்யனார் என்பதெல்லாம் நமக்குப் புதிதா? கடலூர் பஸ்ஸில் போனால் கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் தாண்டி முள்ளோடையில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. தினமும் ஆயிரக்கணக்கான பேர் யோசிக்காமல் கடக்கிற கோடு அது. அந்தக் கோட்டை அவளால் மட்டும் தாண்ட முடியாது என்று வையுங்கள். பையனுக்குக் கடலூரில் காலேஜ் கிடைக்கிறது. ஒரு பஸ் சீட்டும் ஒரு எல்லையும் போதும், பிரிவைக் காட்ட வேறு எதுவும் வேண்டாம். மந்திரவாதியை உட்காரவைத்து விதிகளை எல்லாம் சொல்லவைக்கும் காட்சியை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பேயின் உடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், கொலுசுச் சத்தம் என்று போவது வெறும் பழக்க தோஷம். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி பக்கம் பல குடும்பங்களில் கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணையும் சுமங்கலியாகப் போனவளையும் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். வீட்டில் கல்யாணம் வந்தால் முதலில் அவளுக்குப் படையல். புதுத்துணி வைத்து, பூ வைத்து, ‘நீ வந்து நல்லபடியா நடத்திக் குடும்மா’ என்று கூப்பிடுவார்கள். செத்த பெண்ணை விரட்டுகிற ஊர் இல்லை இது. அவளுக்கு வருஷா வருஷம் துணி எடுத்து வைக்கிற ஊர்.

இதை வைத்து யோசித்துப் பாருங்கள். மேல் போர்ஷனில் குடியிருக்கும் பையன் பார்க்கிற பெண், கீழ் வீட்டு ஓனர் குடும்பத்தின் பூவாடைக்காரி. அவள் உடுத்தி வருவது போன ஆடியில் படைத்த சுடிதார் செட். மடிப்புக் கோடு கூடக் கலையவில்லை. அடுத்த படையலுக்குப் பிறகுதான் உடை மாறும். எத்தனை வருஷமாக வருகிறாள் என்பதை வசனமே இல்லாமல் துணியிலேயே சொல்லிவிடலாம். அவளுடைய தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது, கீழே அவளைக் கூப்பிடுகிறார்கள். மேலே அவன் ‘போகாதே’ என்கிறான். காதலும் குடும்பமும் மோதுவதற்கு வில்லனே தேவையில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்த வழிபாட்டைச் செய்கிற குடும்பத்தில் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதுங்கள். முறை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். தப்பாகக் காட்டினால் அவர்களுக்கு மனசு நோகும்.

அவள் எந்த ஆண்டு இறந்தாள் என்று தீர்மானிக்காமல் எழுதுவது இன்னொரு பெரிய பிழை. கடலூர்க் கதை என்றால் பலருக்குக் கை உடனே சுனாமிக்குப் போகிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினத்திலும் மற்ற மீனவக் குப்பங்களிலும் அவர்களுடைய அப்பா அம்மா, அண்ணன் தம்பி இன்றும் இருக்கிறார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் ‘அவள் சுனாமியில் இறந்தவள்’ என்று ஒரு பழைய செய்தித்தாளைக் காட்டி அதிர்ச்சி கொடுப்பது அந்தக் குடும்பங்களின் துக்கத்தைத் திருப்பத்துக்குச் செலவழிப்பது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. தானே புயலுக்கும் இதேதான். 2011 டிசம்பர் 30-ல் இந்தக் கரையைக் கடந்து பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த புயல் அது. அதைப் பின்னணி இரைச்சலாக மட்டும் வைக்காதீர்கள்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் கணக்குப் போடுங்கள். பதினாறு வயதில் 2004-ல் போனவள் 1988-ல் பிறந்தவள். உயிரோடு இருந்தால் இன்று முப்பதுகளின் கடைசியில் இருப்பாள். அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு இப்போது டியூஷன் போகிற வயதில் பையன் இருக்கலாம். பையனின் அம்மாதான் அந்தத் தோழி என்றால் படம் வேறு ஆழத்துக்குப் போய்விடும். மகன் சொல்கிற பெயரைக் கேட்டு அம்மா கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வைக்கிறாள். அவள் எழுத்து, அவள் பாடின பாட்டு, கடைசியாக இருவரும் போட்ட சண்டை எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். மகன் நேசிப்பவளும் அம்மா இழந்தவளும் ஒருத்தி. அப்போது துக்கம் கதையின் நடுவில் வந்து உட்கார்கிறது.

அம்மா அப்பாவுக்கு வாழ்க்கை கொடுக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. கத்துகிற அப்பா, அழுகிற அம்மா, இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை. சிப்காட்டில் நைட் ஷிப்டு, முழுகிப்போன ஏலச்சீட்டு, ஓனர் ஏற்றிவிட்ட வாடகை என்று ஏதாவது ஒன்றைக் கொடுங்கள், போதும். பிள்ளையின் படிப்பிலும் இதே கவனம் வேண்டும். கடலூர் அரசுப் பள்ளியில் சமச்சீர்க் கல்வி. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மை ஆண்டுகளில் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. மேஜைமேல் தவறான புத்தகம் இருந்தால் உள்ளூர்ப் பிள்ளைகள் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.

பேய் ஆணாக இருந்தால் இன்னொரு ஆபத்து வருகிறது. பெண் தூங்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் நின்று பார்ப்பான், டியூஷன் வரை பின்னாலேயே போவான், அதைக் காதல் என்று காட்டுவார்கள். உயிரோடு இருக்கும் பையன் அப்படிச் செய்தால் அது குற்றம், செத்துவிட்டதால் அழகாகிவிடாது. ஏற்கெனவே சொந்தமாக ஒரு அறை கூட இல்லாத பெண் அவள், அவளிடம் மிச்சமிருந்த கொஞ்சத்தையும் அவன் எடுத்துக்கொள்கிறான். அவன் அங்கே இருப்பது அவளுக்குத் தெரிய வேண்டும், ‘போ’ என்றால் போக வேண்டும்.

பாத்திரங்கள் பதினெட்டுக்குக் கீழே என்பதால், நடிப்பவர்கள் பெரியவர்களாக இருந்தாலும் உடல் நெருக்கத்தைக் காட்டுவதில் எல்லை தேவை. போக்சோ சட்டத்தின் 2019 திருத்தம் தருகிற குழந்தை ஆபாசப் பட வரையறையில், பாலியல் காட்சியில் குழந்தையாகத் தோற்றம் தரும் படங்களும் அடங்கும். இந்தக் கதைக்கு அது தேவையும் இல்லை. தொட முடியாத இருவரின் கதை இது. தம்பி, தங்கை வேடத்துக்கு 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை நடிக்கவைத்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ‘நம்ம சித்தப்பா பொண்ணுதானே’ என்று இதை விட்டுவிடுகிறார்கள்.

படப்பிடிப்பு என்றதும் புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனுக்கு ஓடாதீர்கள். மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் கண்ணுக்கு அழகு, ஆனால் உங்கள் பாத்திரங்கள் அங்கே குடியிருக்கவில்லை. முத்தியால்பேட்டை நெசவாளர் தெருவோ, பாதி கட்டி நிற்கும் லாஸ்பேட்டை மாடியோ தருகிற உண்மையை அந்தச் சுவர் தராது.

நம் கடல் கிழக்கே இருக்கிறது. கடலூர் சில்வர் பீச்சில் காதலர்கள் கடலில் சூரியன் மறைவதைப் பார்ப்பதுபோல் எடுத்தால், அது விடியற்காலைக் காட்சி என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கிழக்குக் கடல் தருகிற பரிசு நிலா. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா கடலிலிருந்து எழும்புகிறது. முந்தின நாள் போனால் இன்னும் நல்லது. நிலா சூரியன் மறைவதற்கு முன்பே மேலே வந்திருக்கும், வானத்தில் வெளிச்சமும் மிச்சமிருக்கும். முகமும் நிலாவும் ஒரே பிரேமில் சரியாக விழும். வடக்கு ஐரோப்பியப் படங்களில் முடிவே இல்லாமல் நீளும் நீல அந்தியைப் பார்த்து அதே மாதிரி நான்கு பக்கக் காட்சியை எழுதிவிடாதீர்கள். ஸ்டாக்ஹோமில் கோடை அந்தி ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குச் சூரியன் நேர்குத்தாக இறங்குவதால் 20, 25 நிமிடம்தான். முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, அந்த நேரத்தில் ஒரே ஷாட்டை எடுங்கள். மிச்சத்தை இரவில் வையுங்கள்.

வீட்டுக்குள் எடுக்கும்போது போன் கேமராவைத் தானியங்கியில் விடாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான பல்புகள் நொடிக்கு நூறு தடவை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் பூட்டினால் திரையில் ஓடும் கறுப்புப் பட்டைகள் போய்விடும். பேய் வரும் காட்சியில் பல்பு மினுக்க வேண்டுமானால் நீங்களே சுவிட்சைப் போட்டு அணையுங்கள்.

ஒலியில்தான் பெரும்பாலான படங்கள் தோற்கின்றன. கடற்காற்றில் மைக்குக்கு ரோமக் கவசம் இல்லாமல் எடுத்த வசனம் எதற்கும் உதவாது. ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள்: மோட்டார் ஓடுவது, பக்கத்து வீட்டு சீரியல், தூரத்து பஸ் ஹாரன். அவள் வரும்போது இசையைக் கூட்டுவதற்குப் பதில் இந்தச் சத்தங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எப்போதும் சத்தம் இருக்கிற தெருவில், சத்தம் நிற்பதுதான் உடம்பை உலுக்கும்.

அலறல் இருந்தால் அதை ராத்திரி மாடியில் எடுக்காமல் பகலில் ஒரு அறைக்குள் தனியாகப் பதிவு செய்து ஒட்டிக்கொள்ளுங்கள். இரவுப் படப்பிடிப்புக்கு முன்பு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் நேரில் போய் எத்தனை மணி வரை விளக்கு எரியும் என்று சொல்லிவிடுங்கள். இரும்புப் படியில் ஏறி இறங்கப் போவது உங்கள் மொத்த யூனிட்டும்தான், கீழே ஓனர் அம்மா தூங்க வேண்டும்.