இம்ப்ரொவ் செய்பவர்களுக்கும் நடிப்புப் பயிற்சி வேண்டும்

எழுத்துப்பிரதி இல்லாமல் மேடையேறும் இம்ப்ரொவ் குழுக்களுக்கு வசனத்துக்குப் பஞ்சம் வருவதில்லை. மற்றவர் சொல்வதைக் கேட்பதில்தான் சறுக்குகிறார்கள். இதற்கு, அமெரிக்க நடிப்பு ஆசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னர் உருவாக்கிய மைஸ்னர் முறையில் உள்ள திரும்பச் சொல்லும் பயிற்சி நன்றாக உதவும்.

இருவர் 5 நிமிடம் எதிரெதிரே நில்லுங்கள். ஒருவர் கண்ணில் படுவதைச் சொல்வார்: "நீங்கள் புருவத்தை உயர்த்துகிறீர்கள்." மற்றவர், "நான் புருவத்தை உயர்த்துகிறேன்" என்பார். இதையே மாறி மாறிச் சொல்லுங்கள். முகத்திலோ குரலிலோ உண்மையாகவே ஏதாவது மாறினால் மட்டும் வசனத்தை மாற்றலாம். கொஞ்ச நேரத்தில் யாராவது பகிடி விடுவார். அங்கேயே நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். பகிடியை யோசிக்கிற நேரத்தில் எதிரே நிற்பவரைக் கவனிக்க முடியாது.

அடுத்தது, இல்லாத பொருளைக் கையாள்வது. வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடைதான் காட்சி என்றால், கிளாஸின் பருமனுக்கு விரல்கள் விரிய வேண்டும். கீழே வைத்ததும் கை திறக்க வேண்டும். பலர் கிளாஸை வைக்காமலே கையைக் கட்டிக்கொள்வார்கள், மேசைக்குள்ளால் நடந்தும் போவார்கள்! வீட்டில் உண்மைக் கிளாஸுடன் 10 தடவை செய்துவிட்டு, உடனே அது இல்லாமல் செய்து பாருங்கள்.

குரலில் ஒன்றே ஒன்று: வசனத்தின் கடைசியை விழுங்காதீர்கள். "வரமாட்டேன்" என்பதில் "மாட்டேன்" கேட்காவிட்டால் காட்சியே தலைகீழாகிவிடும். தகரக் கூரை மண்டபத்தில், மழை நேரத்தில், கேட்கவே வேண்டாம்.