குழந்தைக்கு 4,000, தாய்க்கு 1,200: நிதி ஆதரவு விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் கணவரை இழந்த ஒரு ஏழைத் தாய் இரண்டு அலுவலகப் படிகள் ஏற வேண்டும். அவருக்கான ஆதரவற்ற விதவை உதவித்தொகை (2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய்) வருவாய்த் துறையிடம் இருக்கிறது. குழந்தைக்கான நிதி ஆதரவு, அதாவது ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் வரும் மாதம் 4,000 ரூபாய், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம். ஒரு மேசையின் கோப்பு இன்னொரு மேசைக்குத் தானாக நகராது. களப்பணியாளர், தலைமையாசிரியர், தன்னார்வலர் என யாராவது ஒருவர் இரண்டையும் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. சறுக்கல்களும் பெரும்பாலும் அங்கேதான்.

மோசமான தவறு, வறுமையை மட்டுமே காரணமாக வைத்துக் குழந்தையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இல்லத்தைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. குழந்தை வீட்டிலேயே வளரத்தான் நிதி ஆதரவு. இல்லத்திலிருந்து வீடு திரும்பும் குழந்தைக்கும் இது உண்டு. ஆனால் இத்தகைய குழந்தைகளின் பராமரிப்பை முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு, பிள்ளையைக் குடும்பத்திடம் ஒப்படைக்க உத்தரவு போட்ட பிறகு விண்ணப்பத்தைத் தேடினால், பணம் வருமுன் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். பிள்ளை மறுபடி இல்லத்துக்கே போகும். குடும்ப நிலையை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கையைத் தயாரிக்கும்போதே வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, படிப்புச் சான்று மூன்றையும் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, நல்லெண்ணத்தில் நடப்பது. ஒருவர் நிதி ஆதரவுக்கு எழுதிப் போடுவார், இன்னொருவர் அதே பிள்ளையை அரசு விடுதியில் சேர்ப்பார். விடுதியில் சேர்ந்தால் நிதி ஆதரவு நிற்கும். எது வேண்டும் என்பதைக் குடும்பத்தோடு பேசி முன்பே முடிவு செய்யுங்கள்.

அதிகம் திரும்பி வருவது வருமானச் சான்றால்தான். ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000 ரூபாய், நகரத்தில் 96,000. அதாவது மாதம் 6,000, 8,000. வேறு உதவிக்காக வாங்கிய பழைய சான்றில் 84,000 என்றிருந்தால், நகரத்துப் பிள்ளைக்கு அது போதும், கிராமத்துப் பிள்ளைக்கு ஆகாது. கணவர் உயிரோடு இருந்தபோது வாங்கிய சான்றில் அவர் கூலியும் சேர்ந்திருக்கும். அதையே இணைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இறப்புச் சான்றைக் காட்டி, இன்றைய வருமானத்தைச் சொல்லுங்கள். குறைத்துச் சொல்லச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாலே போதும். தாய்க்கு உதவித்தொகை வருவதையும் மறைக்க வேண்டாம். அது அவர் பெயரில் வருவது, இது பிள்ளைக்கானது. "அதுதான் வருகிறதே" என்று வாய்மொழியாக மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து வங்கிக் கணக்கு. தாயின் தனிக் கணக்கைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். குழந்தையின் பெயரில் தாய் அல்லது பாதுகாவலர் இயக்கும் கணக்கு வேண்டும். பள்ளி உதவித்தொகைக்காக ஏற்கெனவே ஒரு கணக்கு திறந்து ஆதாரை இணைத்திருப்பார்கள், வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. ஆதார் வழியாகச் செலுத்தப்படும் தொகை, விண்ணப்பத்தில் எழுதிய கணக்கைப் பார்க்காது. ஆதார் கடைசியாக இணைந்த கணக்குக்குப் போய்விடும். எந்த வங்கி என்று ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். பெயரின் முன்னெழுத்தும் கவனம்: ஆதாரில் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஒன்று என்றால் முதலில் அதைத் திருத்துங்கள்.

பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் தனிச் சிக்கல். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளையின் பெயர் இன்னும் பழைய குடும்ப அட்டையிலேயே கிடக்கும். முதலில் பாட்டியின் அட்டைக்கு மாற்றுங்கள். வீட்டு விசாரணைக்கு வருபவர் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதை அதிலிருந்தே உறுதி செய்வார்.

ஒப்புதல் கிடைத்ததும் மாதாமாதம் வரும் என்று நம்பிக் கடன் வாங்க வேண்டாம். சில மாதத் தொகை சேர்ந்தே வருவது வழக்கம். பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போகவில்லை என்றால் மறுஆய்வில் உதவியை நிறுத்தவும் கூடும். நீண்ட நாள் நோய் என்றால் மருத்துவச் சீட்டைப் பள்ளியில் கொடுத்து வையுங்கள்.

பதினெட்டு வயது நிறைந்ததும் நிதி ஆதரவு நிற்கும், பிளஸ் டூ பாதியில் இருந்தாலும். பதினெட்டு வயதில் குழந்தைகள் இல்லத்திலிருந்து வெளியேறுபவர்களுக்கான பின்தொடர் பராமரிப்பு உதவி வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கிடைக்காது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர் கல்லூரியில் சேர்ந்தால் மாணவிக்குப் புதுமைப்பெண், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். ஆதார் இணைந்த கணக்கு அங்கேயும் கேட்பார்கள்.