பாம்பன் முதல் தொண்டி வரை: மகளை உதவித்தொகைத் தேர்வுக்கு அனுப்பும் முன்

மகள் அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு என்றால் மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வைத் தவறவிடாதீர்கள். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது.

தாள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 90 வினா, 90 நிமிடம். மனத்திறன் தாளில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். எண்தொடரும் குறியீடும் கண்ணாடி பிம்பமும் வகுப்பில் அவ்வளவாக வருவதில்லை. தினம் 20 வினா, 20 நிமிடம், கடிகாரம் வைத்துப் பழகட்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. விடைத்தாளில் எந்த வினாவுக்கும் வட்டத்தை நிரப்பாமல் விடக் கூடாது. ஒரு வரி பிசகினால் அடுத்த விடைகள் எல்லாம் இடம் மாறிவிடும், பத்து வினாவுக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

40 சதவீத மதிப்பெண் (பட்டியல் இனத்தவருக்கு 32) வெறும் தகுதிதான். இடம் கிடைப்பது இட ஒதுக்கீட்டுக்குள் மதிப்பெண் வரிசைப்படி.

கடல் தொழிலுக்குச் சம்பளச் சீட்டு ஏது? விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 - ஜூன் 14 தடைக்காலத்திலேயே இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஆதார், பள்ளிப் பதிவு, வங்கிக் கணக்கு மூன்றிலும் தலைப்பெழுத்து ஒன்றாக இருக்கட்டும். தேர்வான பிறகும் பல நேரம் பணம் நிற்பது இது மாறுபடுவதால்தான். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

இதில் தவறினால், ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. அதில் மாவட்டத்துக்கு 50 இடம் மாணவிகளுக்கென்றே தனி.