அம்ரிதா ஷெர்-கில் ஓவியங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் ஓவியருக்கு உந்துதல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நிலம், வரலாறு, உறவு என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். இவை மூன்றும் படத்துக்குள் எப்படி நுழைந்தன என்பதில்தான் சறுக்குகிறோம். 1913இல் புதாபெஸ்டில் பிறந்து, 1941இல் லாகூரில் 28 வயதில் மறைந்த அம்ரிதா ஷெர்-கில் விஷயத்தில் இது அதிகம் நடக்கிறது.

தென்னாட்டை நேரில் கண்டு அப்படியே தீட்டினார் என்பார்கள். 1937 தொடக்கத்தில் கன்னியாகுமரி வரை வந்தவர்தான். ஆனால் ‘மணமகள் ஒப்பனை’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’ மூன்றையும் சிம்லா திரும்பிய பிறகே தீட்டினார். கண்டது நினைவில் தங்கிப் பிறகே படமாயிற்று. அவற்றில் கோபுரத்தையும் தென்னையையும் தேடாதீர்கள்.

அஜந்தாவைப் பார்த்து வரைந்துவிட்டார் என்பது இன்னும் பெரிய பிழை. இந்த மூன்று படங்களுக்குச் சில மாதங்கள் முன்புதான் அஜந்தா, எல்லோரா குகைகளுக்குப் போய்வந்தார். அபனீந்திரநாத் தாகூர் வழிவந்த வங்காளப் பாணி ஓவியர்களும் அஜந்தாவைப் போற்றியவர்களே. அவர்கள் அங்கிருந்து நெளிவான கோடுகளையும் புராணச் சாயலையும் எடுத்துக்கொண்டார்கள். அம்ரிதா எடுத்துக்கொண்டது உருவங்களை அடுக்கும் முறையை, காவியும் பழுப்புமான நிறக் கனத்தை. ‘பிரம்மச்சாரிகள்’ படத்தில் வெள்ளை வேட்டியும் கரிய மேனியும் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். அஜந்தாவில் காணும் போதிசத்துவர் (புத்தராகப் போகிறவர்) ஒருவரும் இல்லை, ஆனால் குகைச்சுவரின் நிதானம் அப்படியே இருக்கிறது. பாரிஸில் ஓவியம் பயின்றபோது அவர் கற்றுக்கொண்ட பிரெஞ்சு ஓவியர்கள் செசானும் கோகனும் அடியில் இருக்கிறார்கள். ஒரே ஒரு மூலத்தைத் தேடினால் இந்தக் கலப்பு கண்ணில் படாது.

உறவு என்றதும் அவருடைய காதல்களையும் கடிதங்களையும் கிளறப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. படத்துக்குள் இருக்கும் உறவைப் பாருங்கள். ‘மூன்று பெண்கள்’ (1935) படத்தில் மூவரும் நெருங்கி அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கோரக்பூர் அருகே சராயாவில், குடும்பப் பண்ணையில் வாழ்ந்தபோது 1940இல் தீட்டிய படத்தில், சிவப்பு உடையில் ஒருத்தி கட்டிலில் சாய்ந்திருக்க, விசிறியோடு இன்னொருத்தி பக்கத்தில். அந்தப் புழுக்கத்தை விளக்க எந்தக் கடிதமும் வேண்டாம்.

அவரை ஏழைகளின் குரலாக்குவதும் பொருந்தாது. வசதியான வீட்டுப் பெண். தள்ளி நின்றே பார்த்தார். அந்த இடைவெளியை அவர் மூடி மறைக்காததால்தான் அம்முகங்களை நான் நம்புகிறேன்.

கைபேசித் திரையை வைத்து முடிவு கட்டாதீர்கள். சிவப்புக்குள் இருக்கும் பல சிவப்புகள் அதில் ஒன்றாகிவிடும். அவருடைய ஓவியங்களின் பெருந்தொகுப்பு புதுதில்லி தேசிய நவீன கலைக்கூடத்தில், இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் மாளிகையில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை.