துப்பாக்கியைத் தொடாதே என்று சொன்னால் போதுமா?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் துப்பாக்கி உள்ள வீடுகள் குறைவுதான். ஆனாலும் பட்டாளத்திலிருந்து வந்து பேங்க் காவலுக்குப் போகிற பாட்டா, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஏர்கன் வைத்திருக்கும் மாமா என்று சொந்தத்தில் ஒருவர் இருக்கலாம். லீவு விட்டால் பிள்ளைகள் போவதும் அங்கேதான்.

சொல்லிக் கொடுத்ததோடு விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. "துப்பாக்கியைக் கண்டா என்ன செய்யணும் மக்களே?" என்று கேட்டால், "தொடமாட்டேன், உங்ககிட்ட வந்து சொல்வேன்" என்று பிள்ளை ஒப்பிக்கும். நமக்கும் நிம்மதி. அமெரிக்காவில் ரேமண்ட் மில்டன்பெர்கரும் சக ஆய்வாளர்களும் 4, 5 வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். பாடம் வாயில் நன்றாகவே வந்தது. தனியாக இருக்கிறோம் என்று நினைத்த பிள்ளைகள் துப்பாக்கியைக் கண்டபோதோ, படித்தபடி நடக்கவில்லை; பாடத்தை முன்பே நடித்துப் பார்த்துப் பழகிய பிள்ளைகளும் இதில் பெரிதாகத் தேறவில்லை. பலன் தந்த வழி வேறு. பிள்ளை தவறும்போதே பெரியவர் உள்ளே வந்து, அதே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது: தொடாமல் நிற்பது, அறையை விட்டு வெளியேறுவது, பெரியவரிடம் சொல்வது.

வீட்டில் இதற்கு நிஜத் துப்பாக்கியை எடுக்கவே வேண்டாம். அசல் போலத் தெரியும் பொம்மை போதும். பொம்மையா நிஜமா என்று தெரியாவிட்டாலும் தொடக்கூடாது என்பதும் பாடத்தில் சேர்ந்துவிடும். சில மாதம் கழித்து, பிள்ளை எதிர்பாராத நேரத்தில் வேறொரு வீட்டில் அந்தப் பொம்மையை வைத்து, என்ன செய்கிறது என்று பாருங்கள்.

"குண்டு இல்லை, சும்மா பிடி" என்று கையில் கொடுத்து போட்டோ எடுக்கும் மாமாக்கள் தனி ரகம். பழக்கியதெல்லாம் அந்த ஒரு போட்டோவில் போய்விடும். அலமாரி மேலே வைத்தால் எட்டாது என்பதும் வீண் நம்பிக்கை. ஒளித்து வைத்த முந்திரிக்கொத்தைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு அலமாரி எம்மாத்திரம்? குண்டை எடுத்துவிட்டு, துப்பாக்கி ஒரு பூட்டில், குண்டு வேறு பூட்டில், சாவி பெரியவர் கையில். சரி, ஏர்கன்தானே என்று விடுகிறவர்களுக்கு: அதன் பெல்லட் என்கிற சின்னக் குண்டும் கண்ணைப் பறிக்கும்.

அப்புறம், பிள்ளை ஓடிவந்து சொன்னால் முதலில் பாராட்டுங்கள். சின்ன வயதில் ஒருமுறை, மாமா அறையில் துப்பாக்கியைப் பார்த்தேன் என்று வீட்டில் சொன்னேன். "அங்க எதுக்குலே போன?" என்று திட்டுதான் கிடைத்தது. அடுத்த தடவை பார்த்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.